மூன்று போத்தல் சீம்பால்

எங்கள் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டில் வடிவம்மாள் தனியாக இருக்கிறார். தேயிலைக் காட்டு வேலை ஓய்ந்தபின் இரண்டு மாடுகள்தான் அவருக்குத் துணை. மாடு கன்று போட்டால், கன்று குடித்தது போக மிஞ்சும் சீம்பாலைப் போத்தலில் ஊற்றி ஐஸ்பெட்டியில் உறைய வைப்பார். தாயில்லாத கன்றுக்கு உதவும் என்பார்.

ஒரே மகள் கங்கா மலைக்குக் கீழே தாப்பா ஊரில் இருக்கிறாள். தன்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள் என்று இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான்கு வருடமாகப் பேச்சில்லை.

போன மாதம் ஒரு காலையில் மருமகன் குணாளன் போன் செய்தான். காது மந்தம் என்பதால் வடிவம்மாள் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நடுவில் வெறும் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் எனக்கும் கேட்கும்.

"அத்தை, கன்னு போட்டுட்டு மாடு செத்துப்போச்சு. கன்னு நிக்கவே மாட்டேங்குது."

பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் வயிற்றுக்குள் சீம்பால் போயாக வேண்டும். வடிவம்மாள் மூன்று போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி, ஸ்ட்ராபெரி அடுக்கும் வெள்ளைப் பெட்டியில் வைத்து மூடி, ரோட்டுக்கு ஓடினார். கோலா தெர்லாவிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றிவந்த மகேஸ்வரனின் லோரியை மறித்தார்.

"என்னாக்கா, மருமகனுக்கு ஐஸ்கிரீமா?"

"வாய மூடிட்டு ஓட்டு லா. தேத்தண்ணி குடிக்க எங்கயும் நிறுத்தாத."

மத்தியானத்துக்கு முன் போன் அடித்தது. கங்கா.

"வந்துருச்சு. அடுப்புல வைக்கவா?"

"ஐயோ வைக்காத, கட்டியாயிரும். கை பொறுக்குற சுடுதண்ணில போத்தல முக்கு."

அம்மா என்று அவள் கூப்பிடவில்லை.

சாயங்காலம் மறுபடியும் அவள்தான்.

"ரெண்டாவது போத்தல வாளித் தண்ணில வச்சிருந்தேன். புளிச்ச வாட அடிக்குது."

"வாளித் தண்ணி நம்ம மலைக்குத்தான் சரி. அந்த வெயிலுக்கு அர நாள் தாங்காது. அதக் கொட்டிட்டு பெட்டியில இருக்குற மூணாவத எடு. கன்னு நின்னுச்சா?"

"நின்னுச்சு. விழுந்துச்சு. திரும்பவும் நின்னுச்சும்மா." கங்கா சிரித்தாள்.

மறுநாள் காலையில் கன்று ஓடுகிறது என்றாள். "அதுக்கு இன்னும் சீம்பால் வேணுமா? அனுப்புறியா?"

ஐஸ்பெட்டியில் இன்னும் இரண்டு போத்தல் இருப்பது எனக்குத் தெரியும். பலகைக்கு அப்பால் அதன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"வேணாம்மா," என்றார் வடிவம்மாள். "மொத நாள்தான் முக்கியம். இனிமே சாதாப் பாலே போதும்."

"சரி. வச்சிடுறேன்."

அதன்பிறகு கங்கா கூப்பிடவில்லை. இருபது நாளாகிறது. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போதும் வடிவம்மாள் இப்போது போனைக் கையோடு எடுத்துப் போகிறார்.