ஐந்தரைக்கு முன்னர் பிள்ளையை எடுக்க வேண்டிய டோரிஸ் அம்மா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் கயலுக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. விடிந்தால் என்னை எழுத விடமாட்டாள். ஹம் நகர முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் என்னோடு வேலை செய்யும் அக்காமாருக்கும், இங்கிருந்து எசன் பக்கம் மாறிப்போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளை வைத்தியரிடம் கயலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது சுமதி அக்காவின் குரற்பதிவு வந்தது. "பிள்ளை, டோரிஸ் அம்மா விடிய நாலு மணிபோல போயிட்டா. நீ லீவில நிக்கிறாய் எண்டு தெரியும். ஆனா சொல்லாமல் இருக்கேலாது." கேட்டு முடிப்பதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காய்ச்சல் எத்தனை நாள் என்று வைத்தியர் கேட்டார். நாலு நாள் என்றேன். டோரிஸ் அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தும் அதே நாலு நாள்தான்.

பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவருடைய கதை முழுதாகத் தெரியாது. நூற்றொரு வயது. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பஸ் கண்டக்டர். முதற் கணவர் போரிலிருந்து திரும்பவில்லை. பின்னர், அங்கே போர்க்கைதியாகப் பண்ணை வேலை செய்த ஹம் நகரத்து ஆள் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே ஜெர்மனிக்கு வந்தார். கடைசி இரண்டு வருடத்தில் ஜெர்மன் கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போய்விட்டது. ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. கம்பஸில் படித்த ஆங்கிலம் எனக்கு ஓடும் என்று அவருடைய அறையை என் தலையில் கட்டினீர்கள்.

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினால் அவருக்கு அது இரண்டு தட்டு பஸ். போர்க்காலத்தில் தெருவெல்லாம் இருட்டு, பஸ்ஸுக்குள்ளும் மங்கலான ஒரு விளக்குத்தான். எங்கே நிற்கிறோம் என்று பயணிகளுக்குத் தெரியாது. கண்டக்டர்தான் வளைவுகளை எண்ணி, பேக்கரி வாசம் பிடித்து, தரிப்பிடத்தின் பெயரைக் கூவ வேண்டும். "பிழையான இடத்தில இறக்கிவிட்டு அந்த ஆள் வாய்க்காலுக்குள்ள விழுந்தால், பழி எனக்குத்தான்" என்பார். எங்கள் நடைபாதையிலும் அப்படித்தான் கூவிக்கொண்டு வருவார். ஒருநாள் வைத்தியர் கதவடியில் நின்று சுமதி அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, "வாசலை மறிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, மேல்தட்டில இடமிருக்கு" என்று விரட்டினார். வைத்தியர் ஒன்றும் விளங்காமல் மேலே கூரையைப் பார்த்தது நினைவிருக்கிறதா?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, போரில் வேலை செய்தது வீரமாக இருந்ததா என்று கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். "வீரம் ஒண்டும் இல்லை. கால் நோவுதான்" என்றார். ஒரு பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டது. காலை வேலையும் பின்னேர வேலையும் ஒரே நாளில் செய்துவிட்டுச் சப்பாத்துக் கழற்றும்போதெல்லாம் நானும் அதையே சொல்லிக்கொள்வேன்.

இனி எழுதப்போவது எழுதக் கஷ்டமானது.

பின்னேரம் நாலு மணியானால் அவர் எழும்பப் பார்ப்பார். "மார்கரெட்டை எடுக்கோணும். ஐஞ்சரைக்குப் பூட்டிவிடுவினம்." வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அந்த நாளில் நடத்திய காப்பகத்தில் மகளை விட்டிருந்தார். அந்த மார்கரெட் இப்போது எண்பது தாண்டி இங்கிலாந்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். வைத்த பிறகு, "ஆரோ ஒரு கிழவி, விடாமல் கதைக்கிறா" என்பார் டோரிஸ் அம்மா.

போன புதன்கிழமை எனக்கு ஏழு அறைகள், ஒரு ஆள் குறைவு. நாலு மணிக்கு அவர் தொடங்கியதும், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "கவலைப்படாதேங்கோ, பிள்ளையை உங்கட தங்கச்சி வந்து கூட்டிக்கொண்டு போயிட்டா."

எங்கள் வீடுகளில் இதைவிட ஆறுதலான பேச்சு உண்டா? கயலைக் கீட்டாவில், அதுதான் இங்கத்தைய பிள்ளைகள் காப்பகத்தில், சேர்த்தபோது, யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்ற படிவக் கட்டத்தில் சித்தி, மாமி, பெரியம்மா என்று ஐந்து பேரை எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

டோரிஸ் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்தார்.

"தாயைத் தவிர வேற ஆரிட்டையும் குடுக்கமாட்டினம். வேற ஆள் எடுத்தால் தாய் குண்டு விழுந்து போயிட்டா எண்டு அர்த்தம்." பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "அப்ப எனக்கு என்ன நடந்தது?"

அன்று இரவும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை என்று குறிப்பில் இருந்தது. காரணம் தெரியவில்லை என்றும் இருந்தது. காரணம் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் காப்பகத்தைப் பற்றிக் கேட்டேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக, கோட்டு மாட்டும் ஒவ்வொரு கொளுக்கிக்கும் மேலே ஒரு படமாம். மார்கரெட்டுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் படம். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், அம்மா. ஒருத்தரும் எடுக்கேல்லை. கோட்டு இன்னும் கேத்திலுக்குக் கீழதான் தொங்குது. பிள்ளை உள்ளுக்க இருக்கிறா" என்றேன். மேசையில் இருந்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அப்ப இன்னொரு ட்ரிப் அடிக்கலாம்" என்று அரைக் கோப்பை சூப் குடித்தார்.

நான் சொன்ன அந்தக் கேத்தில் பதிலை, அடுத்த ஆளுக்கு எழுதும் பணிமாற்றக் குறிப்பில் எழுதவில்லை. எழுதினால் புதன்கிழமை சொன்ன பொய்யையும் எழுத வேண்டும். திங்கட்கிழமை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள், அன்றைக்கே, கயலுக்குக் காய்ச்சல் என்று கீட்டாவிலிருந்து போன் வந்தது. ஓடிவிட்டேன்.

கயலுக்கு ஒன்றரை வயது, சொன்னால் விளங்குமோ தெரியாது. ஆனாலும் இனி ஒவ்வொரு காலையும் அவளைக் கீட்டாவில் விடும்போது, அன்றைக்கு யார் வருவார் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். டோரிஸ் அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

வெள்ளி பின்னேரம் தொடங்கி செவ்வாய் விடிய வரை அவருடைய அறையில் நின்ற அக்காமார் எனக்கு உண்மையைச் சொல்லுங்கள். நாலு மணிக்கு அவர் பிள்ளையைக் கேட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? என் மனம் நோகும் என்று மறைக்க வேண்டாம். தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.