நாலு விரல் பாதம்

வலியசாலை அக்கிரகாரத்தை அடுத்த தெருவில் பகவதிப்பெருமாள் பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய மனைவி பொன்னம்மை. இன்னொருவர் பிள்ளையே. குனிய முடியாத தொப்பையொன்றும் அவருக்குக் கிடையாது. இருந்தாலும் தன் காலில் தானே விழுவது நன்றாயிருக்காது என்று நினைக்கிற அளவுக்கு அடக்கமான மனிதர்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வேலை தேடித் திருவனந்தபுரத்துக்கு நடந்தே வந்தவர் அவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்தார். சம்பளம் ஏறியது, மோட்டார் பஸ் வந்தது, பிள்ளை மட்டும் நடந்துகொண்டே இருந்தார். ஒருமுறை நாகர்கோவில் கல்யாணத்திலிருந்து உறவுக்காரர்கள் பஸ்ஸிலும் இவர் காலாலும் புறப்பட்டார்கள். பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் பஸ் மூச்சை விட்டுவிட்டு நின்றது. பிள்ளை அதைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக எல்லாரையும் குசலம் விசாரித்தார். வீட்டுக்கு வந்து, அவர்கள் நாளைக்கு வருவார்கள் என்று பொன்னம்மையிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

திருச்செந்தூர், பழனி, சபரிமலை எல்லாம் அவருடைய காலுக்குப் பழக்கம். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது சிவாலய ஓட்டம். சிவராத்திரிக்கு விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் பன்னிரண்டு சிவன் கோவில்களை ஒரே மூச்சில் ஓடித் தொழுகிற வழக்கம் அது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கும், திருநட்டாலத்தில் முடியும். இடுப்பில் காவித்துண்டும் திருநீற்றுப் பையும், கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் எதற்குக் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கிற ஆசாமிகள் ஓடமாட்டார்கள், வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோவிலுக்குக் கோவில் முங்கிக் குளித்து, ஈரத்துணியோடு உள்ளே போய், சுவாமிக்கு விசிறிவிட்டு, மறுபடி ஓட வேண்டும்.

இதில் முதலிடம் என்று ஒன்று கிடையாது. பக்திக்கு ஏது போட்டி? ஆனாலும் யார் முதலில் திருநட்டாலம் போய்ச் சேர்ந்தார் என்பது மறுநாள் காலையில் சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். வருடா வருடம் அது பிள்ளைதான். அதுவும் எப்படி? மற்றவர்கள் முஞ்சிறை வரை வண்டியில் போய் இறங்குவார்கள். இவர் திருவனந்தபுரத்திலிருந்து அங்கே நடந்துபோய், ஓடி முடித்து, நடந்தே திரும்புவார். இப்படிச் செய்தவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்று ஊரே சத்தியம் செய்தது. ஊர் செய்கிற சத்தியத்தை யார் போய்ச் சரிபார்ப்பது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டி ஒரு சிவராத்திரியில் அந்த அதிசயம் நடந்தது. விடிந்து வெளுக்கிற நேரம். பிள்ளை ஒரு கோவிலை நெருங்கும்போது வழியில் கிடந்த பாறையில் ஈரக் கால்தடம் இருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறி வந்திருந்தது. தனக்கு முன்னால் யாரும் ஓடவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். கோவிலுக்குள்ளே பார்த்தார், யாரும் இல்லை. தடமும் உள்ளே வரவில்லை. வழியிலேயே ஓரிடத்தில் நின்று, திரும்பி, அடுத்த கோவில் பக்கமாகப் போயிருந்தது. அடுத்த கோவிலிலும் அப்படியே. அந்தத் தடத்தில் வலது காலுக்குச் சுண்டுவிரல் இல்லை.

பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. ஓட்டத்தை நிறுத்தி, விசிறியைத் தடத்தின் பக்கத்தில் வைத்து, ஓலையில் நகத்தால் அந்த உருவத்தைக் கீறிக்கொண்டார். அவ்வளவு நேரம் நின்றும் திருநட்டாலத்தில் அவர்தான் முதல். உள்ளே வந்தவர்களில்.

ஊருக்கு வந்து விசிறியைக் காட்டினார். புராணப் பிரசங்கம் செய்கிற ராமசுப்ரமணிய சாஸ்திரி அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, சாட்சாத் பரமேசுவரனே பிள்ளைக்கு வழிகாட்டி முன்னே ஓடியிருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னார். சந்தேகம் கேட்டது பொன்னம்மை ஒருத்திதான்.

"சாமியா இருந்தா கோவிலுக்கு உள்ள போவாண்டாமா? பாதி வழியில நின்னுட்டுத் திரும்பிப் போகுமா?"

"தன் ஆத்துக்குள்ளே தன்னைச் சேவிக்க யாராவது போவாளோ?" என்றார் சாஸ்திரி.

விரல் குறைந்ததற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பூரணமானவன் பக்தனுக்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்தானாம். இதைக் கேட்டுப் பலர் கண்ணீர் விட்டார்கள். கல்தச்சனை அழைத்து, விசிறியில் கண்டபடியே நாலு விரலோடு பாதம் கொத்தி, பஜனைக் கூடத்தின் முன்பக்கம் தெருவைப் பார்க்க வைத்தார்கள். திங்கள்தோறும் பாலும் இளநீரும் அபிஷேகம். அடுத்தடுத்த சிவராத்திரிகளிலும் பிள்ளை அதே தடத்தைக் கண்டு வந்து சொன்னார். சுவாமியே முன்னால் ஓடிக் காட்டிய மனிதரின் காலில் விழாமல் எப்படி? அதிலிருந்துதான் பிள்ளையின் காலுக்கு அந்த மரியாதை.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. தடம் நின்று திரும்பிய இடத்தில் என்ன இருந்தது? ஒரு பலகை இருந்தது. இன்ன இன்ன சாதியார் இதற்கு மேலே வரக்கூடாது என்று எழுதிய பலகை. பிள்ளை அதை வருடா வருடம் தாண்டிப் போனவர். தினமும் கிடக்கிற பொருள் கண்ணில் படுமா?

முப்பத்தாறு நவம்பரில் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது. கோவில்கள் இந்துக்கள் எல்லாருக்கும் திறந்தன. வலியசாலையில் சிலர் அழுதார்கள், சிலர் சந்தோஷப்பட்டார்கள், பெரும்பாலோர் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அடுத்த சிவராத்திரிக்குப் பிள்ளை வழக்கம்போலப் புறப்பட்டார். பஜனைக் கூடத்தில் பாதத்துக்குப் பெரிய அபிஷேகம் ஏற்பாடாகியிருந்தது. அவர் திரும்பி வந்து அந்த வருடத் தரிசனத்தைச் சொன்ன பிறகுதான் தொடங்குவதாக நிச்சயம்.

விடிகிற நேரத்தில் அதே கோவில் வழி. பலகையைப் பிடுங்கியிருந்தார்கள், அது நின்ற குழி மட்டும் இருந்தது. ஈரத்தடம் ஆற்றிலிருந்து ஏறி, குழியைத் தாண்டி, படியேறி, உள்ளே போயிருந்தது.

அதைப் பார்த்தபடி நின்ற பிள்ளைக்கு விசிறியை வீசக் கை எழவில்லை. சுவாமிக்கு எந்த அரசாங்க விளம்பரமும் வேண்டாம். விளம்பரத்துக்குக் காத்திருந்த கால் யாருடையது? பிறகு அவர் ஓடிய ஓட்டம் பக்தியில் ஓடியதல்ல. எப்படியாவது அந்தக் காலைத் தாண்டிவிட வேண்டும் என்று ஓடினார். அந்தக் காலுக்குரியவன் இத்தனை காலம் உள்ளே நுழையாமல் போனதால் நேரம் மிச்சப்பட்டு முந்தியிருக்கலாம், இன்றைக்கு உள்ளே போய்த் தொழுதாக வேண்டுமே என்று ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார். கணக்கு அவருக்குத் தொழில். ஆனால் திருநட்டாலத்தில் தப்பிவிட்டது.

குளக்கரையில் காலை நீட்டிக்கொண்டு தங்கையன் உட்கார்ந்திருந்தான். விளவங்கோட்டிலிருந்து கருப்பட்டி சுமந்து சாலைக் கடைத்தெருவுக்கு வருகிற நாடான். பிள்ளையின் கடைக்கே வருடக்கணக்காகப் போடுகிறவன். கடையின் உயர்ந்த மேடையில், கணக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரு ஓரம் நிற்கிற அவனுடைய தலையும் சுமையும்தான் தெரியும். கால் தெரிந்ததில்லை. இன்றைக்குத் தெரிந்தது. வலது காலில் நாலு விரல்.

"வாருங்க பிள்ளே. தண்ணி குடியுங்க," என்றான் தங்கையன். நெற்றி நிறையச் சந்தனம். "இந்த வருசம் நானும் உள்ள கேறித் தொழுதாச்சு."

பிள்ளை தண்ணீர் குடித்தார். 

வலியசாலைக்குத் திரும்பியபோது நாகஸ்வரமும் ஆட்களும் தயாராக நின்றார்கள். தடம் கண்டீர்களா என்று சாஸ்திரி கேட்டார். கண்டேன் என்றார் பிள்ளை. பொய் இல்லை. பால் கொட்டினார்கள், தேன் கொட்டினார்கள், அத்தனையும் கருப்பட்டிக்காரனின் சுண்டுவிரல் இல்லாத இடத்தின் வழியாக வழிந்து ஓடையில் போயிற்று. பிள்ளை கடைசி வரை நின்று தீர்த்தம் வாங்கிக்கொண்டார். அன்று தன் காலில் விழுந்தவர்களை அவர் தடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என்ன மிதித்துவிட்டு வந்தீர்கள் என்று பொன்னம்மை கேட்டாள். 

சொல்லாமலே இருந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப் போயிராது. முதல் என்ற பெயரும் நிற்கும், சுவாமி முன்னால் ஓடியவர் என்ற பெயரும் நிற்கும். அப்படித்தான் சில வாரங்கள் ஓடின. பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை, கருப்பட்டியை இறக்கிவிட்டுத் தங்கையன் காலிச் சுமைக்கூடையோடு அந்தத் தெருவுக்கே வந்துவிட்டான். பிள்ளைக்கு வழிகாட்டிய சாமியின் பாதம் இருக்கிறது என்று யாரோ கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் கேள்விப்பட்டிருந்தாலும் இந்தத் தெருவுக்கு வந்திருக்க முடியாது. இப்போது வரலாமே என்று வந்திருக்கிறான்.

கூடத்தில் சாஸ்திரியும் பிள்ளையும் இன்னும் சிலரும் இருந்தார்கள். தங்கையன் தெருவிலேயே கூடையை வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து பாதத்தை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளே, கண்டியளா? சாமிக்கும் எனக்க போல ஒரு விரலு இல்ல. சின்னதுல பனையில இருந்து விழுந்து போச்சுது எனக்கு. நாலு விரலான்னு வீட்டுல எல்லாரும் களியாக்குவினும். இனி ஒருத்தன் சொல்லட்டு பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். சாஸ்திரிகூட, பகவானின் கருணை என்றார். பிள்ளை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டார். சொன்னால் தன் பெயர் போகும் என்பது ஒரு பயம். இவன் முகத்தில் இருப்பதும் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். சொல்லாமல் விட்டாலோ, இவனை இவன் காலிலேயே விழவைத்து வேடிக்கை பார்த்த ஆளாகிவிடுவார்.

"தங்கையா," என்றார். "அது சாமியில்ல. ஒனக்க காலு தான். ஓட்டத்துல எனக்கு முன்ன ஓடின ஒனக்க காலு."

தங்கையன் கல்லைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், மறுபடி கல்லைப் பார்த்தான். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவனுக்கு.

"அப்பம் நான் எனக்க காலிலயா விழுந்தேன்?"

பிறகு சிரிப்பு நின்றது.

"இத்தன வருசமும் ஒங்களுக்கு முன்ன ஒருத்தன் ஓடுகான்னு தெரியும். ஆளு யாருன்னு பாக்கத் தோணல்லியா பிள்ளே?"

"காலைத்தான் கண்டேன்," என்றார் பிள்ளை.

தங்கையன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவோடு பாதத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று பிள்ளை எதிர்பார்த்தார். வலியசாலையை அவ்வளவு லேசாக நினைத்துவிட்டார். சாஸ்திரி யோசித்து ஒரு வழி சொன்னார். கன்னான் வந்தான். நாலு விரல் பாதத்துக்குப் பித்தளையில் ஒரு சுண்டுவிரல் வார்த்து ஒட்டினான். இப்போது அது யாருடைய காலும் அல்ல. திங்கள்தோறும் அபிஷேகம் நடக்கிறது, கல் கறுத்துவிட்டது, அந்த விரல் மட்டும் பளபளவென்று இருக்கிறது. பிள்ளை சொன்னதை, பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிற மகான் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். காலில் விழுகிறவர்களின் கூட்டம் கூடிவிட்டது. அவர் உட்காரும்போது காலை மடக்கி வேட்டிக்குள் ஒளித்துக்கொள்கிறார்.

"எதுக்கு ஒளிக்கியோ? ஒங்களுக்குத்தான் அஞ்சு விரலும் இருக்கே," என்கிறாள் பொன்னம்மை.

ஓட்டத்தை அவர் விடவில்லை. வருடா வருடம் திருநட்டாலத்துக்கு இரண்டாவதாகப் போய்ச் சேருகிறார், தங்கையன் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான். கருப்பட்டி வருகிற நாளில் பிள்ளை மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கி, தானே நின்று சுமையை வாங்குகிறார். அவன் பேசுகிறான், இவர் கேட்கிறார். ஆனால் கண் முதலில் அந்தக் காலுக்குத்தான் போகிறது. அங்கேயிருந்து முகத்துக்கு ஏற அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.