தீர்த்தத்தில் நெளிந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராயபுரம் தெருவுக்கு விஞ்ஞானம் குதிரை வண்டியில் வந்து இறங்கியது. கல்லூரியில் படிக்கிற நான்கு பேர், ஒரு மரப்பெட்டி. படிப்பகத்து மேசையில் கிடந்த செய்தித்தாள்களை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மைக்ராஸ்கோப். வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கொரு தம்ளர் கொண்டுவாருங்கள், அதில் என்ன இருக்கிறதென்று நீங்களே பாருங்கள் என்றார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பேதி அதிகம். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

முதலில் வந்தது கோடி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்று சொல்லிச் சொல்லியே தெருவை வெறுப்பேற்றியவர்கள் அவர்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒரே நெளிசல். தெருவே சிரித்தது. அதன்பிறகு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்தப் போகிற மாதிரி, துணியை மூன்றாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் நெளிந்தது.

"இவனுங்களே கண்ணாடிக்குள்ள பூச்சிய வுட்டு எட்தாந்து நம்மகிட்ட வித்தை காட்டிக்கினு கீறானுங்க" என்றார் சித்தப்பா. அவர் கடைசிவரை கண்ணை வைத்துப் பார்க்கவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு மானம் என் கையில் இருப்பதாக நினைத்தேன். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. ஆனால் மாதா படத்துக்குக் கீழே ஒரு பாட்டில் இருந்தது. ஈஸ்டருக்குக் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம். அதில் பூச்சி நுழையத் துணியுமா? அம்மா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

கண்ணை வைத்தேன். வால் வைத்த ஒன்று சாவகாசமாகக் குறுக்கே போனது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

"எந்தத் தண்ணி பாப்பா?" என்று கேட்டார், வந்தவர்களில் இருந்த ஒரே அக்கா.

"கொயாத் தண்ணி" என்று புளுகினேன்.

"பயப்படாதே. நல்லாக் கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும். வீட்ல சொல்லு" என்று சிரித்தார்.

வீட்டில் சொல்வதா? என் தம்பிக்கு எட்டு மாதம். நான்கு நாளாகப் பேதி. கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். காலையும் மாலையும் அம்மா சிலுவை போட்டு அவனுக்கு ஊட்டியது அந்தத் தீர்த்தத்தைத்தான். நான் உள்ளே நுழைந்தபோது கரண்டி அவன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. சொன்னால் உதை, சொல்லாவிட்டால் அந்த வால் பூச்சி தம்பி வயிற்றுக்குள்.

"அம்மா, குட்க்காத! அதுல பூச்சி கீது! கண்ணாடில பாத்தேன். கொதிக்க வெச்சாத்தான் சாவுமாம்!"

"தீர்த்தத்துல கை வெச்சியா? இன்னா தகிரியம்டி ஒனக்கு!"

கன்னத்தில் விழுந்த அறையில் கரண்டித் தீர்த்தமும் சிந்தியது. சிந்தியதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இந்நேரத்தில் என்ன அடுப்பு என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டதற்கு, "கஞ்சி வெக்கிறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் மாதா படத்துக்குக் கீழே பாட்டில் இல்லை. பித்தளைச் சொம்பில் தீர்த்தம் இருந்தது. பாட்டில் அடுப்பங்கரை மூலையில், அடியிலிருந்து கழுத்துவரை ஒரே கீறலோடு கிடந்தது. நான் செய்த பாவத்தில்தான் அது விரிசல் விட்டது என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா சொம்பிலிருந்து ஊட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் தம்பி எழுந்து உட்கார்ந்தான். தீர்த்தம்தான் பிழைக்க வைத்தது என்று அம்மா தெருவுக்கே சொன்னாள். சித்தப்பா என்னைப் பார்த்து, "எங்கம்மே உன் பூச்சி?" என்றார்.  அம்மா சொம்பை எடுத்து மூடிவைத்தாள். பல வருஷம் அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இருந்தது.

பிறகு என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அவசரத்தில் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினேன். பட்டென்று சத்தம். அடியிலிருந்து கழுத்துவரை அதே கீறல்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. அவள் கஞ்சி வைப்பதாகச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் கஞ்சி குடிக்கவில்லை.