சின்னவள் சொன்னாளா

பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்ததால் படகுத்துறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்கான பற்களை ராவிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், தங்கையையும் இழுத்துக்கொண்டு துறைக்கு வந்துவிடுவாள்.

அக்கா தங்கை இருவருக்கும் பொதுவாக ஒரு பந்தயப் படகு இருந்தது. பழசுதான். ஆனால் வேகத்துக்கென்றே செய்தது. உடம்பு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, பாய் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிசு. நல்ல காற்று பிடித்தால் தண்ணீரைக் கிழிக்காது, அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட படகு சாயாமல் நிற்க ஓர் ஆள் வெளியே தொங்கியாக வேண்டும். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டி, விளிம்பில் காலைப் பதித்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து நிற்பது சின்னவளின் வேலை. சுக்கான் பல்லக்காவின் கையில்.

படகு திரும்பும்போது பாய் மறுபக்கம் மாறும். கம்பியில் நிற்பவள் அதற்குள் உள்ளே வந்து கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் பல்லக்கா, "திரும்பவா?" என்று கேட்பாள். சின்னவள், "ம்" என்பாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது அந்த ஒரு "ம்" தான். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டு, பிறகு அவளைக் கட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அதுதான் கிடைத்தது.

பயிற்சிக்குப் போன ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் காற்று வலுத்தது. பாய் படபடத்தது. பல்லக்கா கேட்டாள். "ம்" காதில் விழுந்தது. திருப்பினாள். சின்னவள் இன்னும் கம்பியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற பக்கமாகவே படகு சாய்ந்து கவிழ்ந்து, பாய்மரம் தண்ணீருக்கு அடியில் போனது. கொக்கி கம்பியை விடவில்லை. பல்லக்கா திரும்பத் திரும்ப மூழ்கினாள். கயிறெல்லாம் கையைச் சுற்றியது. ஒருவழியாகப் பிரித்து மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு மெக்கானிக் பல்லக்காவோடு பேசுவதை விட்டான். எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

படகை விற்றுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. நல்ல தண்ணீரில் கழுவினாள், கயிறு மாற்றினாள், கீறலைத் தேய்த்து மெழுகினாள். பிறகு மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைச் சின்னவளின் இடத்தில் சேர்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நல்ல தெம்பான பெண், பயம் அறியாதவள்.

"திரும்பவா?"

"திருப்புங்க அக்கா!"

பல்லக்கா திருப்பவில்லை. தலையைச் சாய்த்து எதையோ எதிர்பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை துறையின் கற்சுவரில் மோதப் போய், நூலிழையில் தப்பினார்கள். கரைக்கு வந்ததும் அந்தப் பெண் பட்டையைக் கழற்றி வைத்தாள்.

"நீங்க என்கிட்ட கேக்கல அக்கா. வேற யாருகிட்டயோ கேக்குறீங்க. எனக்கு உதறுது."

பட்டறையிலும் அதே கதை. ராவும் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் "ம்" கேட்கும். சட்டென்று நிறுத்துவாள்.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"இல்ல சார்."

அது பொய்யில்லை. கூப்பிட்ட குரல் அல்ல அது, பதில் சொன்ன குரல். எந்தக் கேள்விக்கு என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாய்மரத்தை நிறுத்திக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"அவ 'ம்' சொன்னாளா?"

"கேட்டுச்சுன்னுதான் நெனச்சேன் மாப்பிள்ள. இப்ப சத்தியமா தெரியல. காத்தா இருக்கலாம், பாயா இருக்கலாம்."

"தெரியாம எப்படித் திருப்புனீங்க?"

"அப்ப தெரிஞ்சுச்சு. இப்பத்தான் தெரியல."

அவன் கம்பியைப் பிடித்துக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினான். லிஃப்ட் கம்பியில் பிரிந்த இழை இருக்கிறதா என்று பார்க்கிற தடவல்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவ நின்ன எடத்துல நான் நிக்கணும்."

"வேண்டாம் மாப்பிள்ள."

"தொங்குறது எனக்குப் பொழப்பு. நீச்சலும் தெரியும்."

கரையிலேயே கொக்கியை மாட்டவும் கழற்றவும் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குக் கை பழகிய பிறகுதான் கிளம்பினார்கள். துணைக்கு மருந்துக்கடைப் பெண் மோட்டார் படகில் பின்னால் வந்தாள்.

அவன் கம்பியில் சாய்ந்ததும் படகு மெல்ல நிமிர்ந்து எழும்பியது. அதே எழும்பல். பல்லக்கா, பக்கவாட்டில் பார்த்தால் யார் நிற்பார்கள் என்று பயந்து நேரே பார்த்தாள்.

"திரும்பவா?"

பதிலில்லை. மறுபடி கத்தினாள். காற்றின் இரைச்சல் மட்டும். அவள் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே உள்ளே வந்து, கொக்கியைக் கழற்றி, அவள் காலடியில் நனைந்த மூட்டையாக உட்கார்ந்தான்.

"ஏன் மாப்பிள்ள பதிலே சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

"ரெண்டு தடவை கத்துனேனே!"

"வாய் அசைஞ்சுது. ஒண்ணும் கேக்கல. நானும்தான் கத்துனேன், என்ன சொல்றீங்கன்னு."

"எனக்கும் கேக்கல."

பதில் வந்ததா என்றுதான் இத்தனை நாளும் அவள் மனசைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி போய்ச் சேர்ந்ததா என்று யோசித்ததே இல்லை.

"அப்ப அவளுக்குக் கேட்டே இருக்காது," என்றான்.

"கேட்டும் இருக்கலாம்."

"ஆமா, இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் தலையில் வைத்தாள்.

கரையில் பாயை மடிக்கும்போது அவன் கேட்டான்: "அவ தூக்கத்துல பேசுவா, தெரியுமா அக்கா?"

"அவளா? என்ன பேசுவா?"

"ஒரு வார்த்தை புரியாது. ஆனா விடிய விடியப் பேசுவா."

அது பல்லக்காவுக்குத் தெரியாத விஷயம். மடித்த பாயைப் பிரித்து, முதலிலிருந்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

மருந்துக்கடைப் பெண் ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தாள்: வாயால் கேட்கிற பேச்சே வேண்டாம், பல்லக்கா அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவள் கையைத் தூக்கினால்தான் திருப்ப வேண்டும். பல்லக்கா ஒப்புக்கொண்டாள். அந்தப் பருவத்தின் போட்டியில் நடுவில் எங்கோ வந்தார்கள். கரைக்குத் திரும்பியபோது மெக்கானிக் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு, "இதோட இன்னொரு பேன்ட்டும் போச்சு," என்று முணுமுணுத்தான். பல்லக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே படகிலிருந்து இறங்கியவள், ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த கம்பியை எட்டிப் பிடித்துப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். அதை ஆடவிட்டுப் போக அவளால் இன்றுவரை முடிந்ததில்லை.