வாசல் நிலையில் ஒரு சீன எழுத்து

தினமும் படிக்கத் தெரியாத ஓர் எழுத்தைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறேன். ஷார்ஜாவில் சீனக் கம்பெனி ஒன்று கட்டும் கட்டடத்தில் ஏசி பொருத்துவது என் வேலை. ஹெல்மெட்டின் முன்பக்க ஸ்டிக்கரில் இரண்டு சீன எழுத்துகள். சைட் வாசலிலும் அவையே, கிரேனிலும் அவையே. கம்பெனியின் பெயர் என்று ஐந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்தது. அந்த ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். "இது என்னாங்க?" என்றாள் என் மனைவி செல்வி. "திருஷ்டிச் சக்கரம்டி. சீனாக்காரன்து. நம்மூர் பூசணிக்காயவிட பவரு" என்று அளந்துவிட்டேன். அவள் நம்பி, வாசல் நிலையில் படிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஒரு கான்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அந்த வீட்டில் நான் இருந்தது நாற்பது நாள்.

போன மாதம் மதிய ஓய்வில், எங்கள் சீன சூப்பர்வைசர் லின் ஏசி பெட்டிமேல் சாய்ந்திருந்தார். பெட்டியிலும் அந்த முதல் எழுத்து இருந்தது. "பாய், கம்பெனி நேம்?" என்று கேட்டேன். சிரித்தபடி மார்க்கரை எடுத்து அட்டையில் வரைந்தார். மேலே கூரை, கீழே மண்டியிட்டு உட்கார்ந்த பெண். "ரூஃப். நீச்சே மேடம். டென்ஷன் மாஃபி." கூரைக்குக் கீழே பெண் இருந்தால் கவலை இல்லையாம்.

"மேடம் ஹே தோ டென்ஷன் டபுள், பாய்" என்றேன், மேடம் இருந்தால்தான் கவலையே என்று தமாஷாக. வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து, மனிதர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

லின் கையாலும் மார்க்கராலும் காட்டக் காட்ட, மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ஆதியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண், அதிலிருந்து நிம்மதி. பிறகு நிலைத்திருப்பது, அப்புறம் ஒரு பொருளை ஓரிடத்தில் நிலையாகப் பொருத்துவது. ஹெல்மெட்டில் இன்னோர் எழுத்தோடு சேர்ந்து 'பாதுகாப்பு'. ஏசி பெட்டியில் வேறோர் எழுத்தோடு சேர்ந்து, மெஷினைச் சுவரில் மாட்டுவது. பெண்ணில் தொடங்கியது என் பிழைப்பில் வந்து நிற்கிறது. லின்னின் மனைவி வேறு ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாராம். "யுவர் ஹவுஸ், ரூஃப் நீச்சே?" என்றேன். "லாக்" என்று கையால் சாவி திருகுவதுபோல் காட்டினார்.

அன்று மாலை செல்வியை அழைத்து, சக்கரம் என்று சொன்னது பொய் என்பதையும் எழுத்தின் கதையையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"கூரைக்குக் கீழ பொம்பள மட்டுந்தானா? ஆம்பளைக்கு அந்த எழுத்துல எடமே இல்லியாங்க?"

அன்று காலைதான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்றால் நல்ல பதில் இல்லை. பேப்பரை நீட்டினார்கள், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் போட்டார்கள், நானும் போட்டேன். அதைச் சொல்லத்தான் அழைத்தேன். வெட்கமாக இருந்தது.

"லின்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் ஹெல்மெட்டை எடுத்தபோது ஸ்டிக்கரின் ஓரம் பெயர்ந்திருந்தது. ஊரில் அவள் குங்குமம் வைக்கும் அதே எழுத்து. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, தலையில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.