அந்தத் திரையை வரைந்தது நான் இல்லை

நூர்ஜஹான் இறந்துவிட்டார். பூந்தமல்லிக்காரர், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவர்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். அழும் பொம்மை, ரோஜாப்பூ, ஆர்.ஐ.பி... அதற்கு அடியிலேயே யாருக்கோ ஹேப்பி பர்த்டே கேக். சீ!

அதைவிடக் கேவலம் அடுத்து வந்த மெசேஜ். "நம்ம சிஸ்டம்ஸ் சாரு கம்ப்யூட்டர் பூரா பச்சையா ஒரு டிசைன் போட்டாரே, ஞாபகம் கீதுல்ல? அந்த மேடம் அவருக்குப் பக்கத்து சீட்டுதான்."

சிஸ்டம்ஸ் சார் நான்தான்.

தொண்ணூற்றேழோ, தொண்ணூற்றெட்டோ... கியர் செய்யும் சின்னக் கம்பெனி. அவர் டெம்பரரி டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு பெர்மனென்ட் இடம் காலியாக இருந்தது, அதற்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் படம் வரைவார். பிறகு அதையே திரையில் ஒவ்வொரு புள்ளியாக நிரப்புவார். ஒரு ஐகானுக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

பின்னணி முழுக்க லேத் மெஷினுக்கு அடிக்கும் அந்தப் பச்சை. டைட்டில் பாரில் அதே பச்சை, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. குப்பைத் தொட்டி இருந்த இடத்தில் லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருளைக் கொட்டும் டிரம். மணல் கடிகாரத்துக்குப் பதில் ஒரு டீ கிளாஸ்... கம்ப்யூட்டர் யோசித்து முடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிறையும்.

ஃபிட்டர்கள் கும்பலாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். "யக்கா, இன்னாக்கா இது, கம்ப்யூட்டரு டீ ஊத்துது! எனக்கும் ஒண்ணு சொல்லேன்!"

எனக்கும் ஆசை வந்தது. என் கம்ப்யூட்டரில் ஒரு பூந்தோட்டப் படத்தைப் போட்டு, கர்சரை டைனோசராக மாற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முகத்தைச் சுளித்தார். "ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் சேர்த்து மாத்தணும் சார். இது லுங்கிக்கு டை கட்டின மாதிரி இருக்கு."

அப்புறம் அந்த நாள். பையனுக்குக் காய்ச்சல் என்று அவர் லீவு. சின்ன முதலாளி வெளிநாட்டு பார்ட்டியோடு உள்ளே வந்தார், அந்த வெளிநாட்டுக்காரர் நான் ஆன் செய்து வைத்திருந்த நூர்ஜஹானின் பச்சைத் திரையைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தார்.

"யாருய்யா பண்ணது? நீதானே?" என்றார் சின்ன முதலாளி என்னிடம்.

நான் சிரித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை... சிரித்தேன்.

"அதானே பார்த்தேன். டைப்பிங் பொண்ணுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?"

அதற்குத் தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

எல்லா கம்ப்யூட்டரிலும் இதையே போடு என்று உத்தரவு. எப்படிப் போடுவது என்றே எனக்குத் தெரியாது. மறுநாள் அவரிடமே போய் நின்றேன், வெட்கம் கெட்டவன்.

அதற்குள் யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு ஃபிளாப்பியில் காப்பி செய்து கொடுத்தார்.

"மேல யார் பேரும் எழுதல சார். நீங்களே எழுதிக்குங்க."

எழுதினேன். நீல மையில், இனிஷியலோடு முழுப் பெயர். இப்போது நினைத்தாலும் அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

அவர் மனு போட்டிருந்த காலி இடத்துக்கு முகப்பேரிலிருந்து வேறு ஒரு ஆளை எடுத்தார்கள். மூன்று மாதத்தில் நூர்ஜஹான் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அவருடைய கடைசி நாளில் ஆபீஸில் எல்லாத் திரையும் பச்சை. அவருடையது மட்டும் வாங்கும்போது இருந்த பழைய நிறத்தில் இருந்தது. அவரேதான் மாற்றியிருந்தார்.

போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்... என்னிடமும். "வரேன் சார்." அவ்வளவுதான்.

அந்த மெசேஜுக்கு இதுவரை பதினோரு கட்டைவிரல் விழுந்திருக்கிறது. "சார் அப்பவே ஜீனியஸ்" என்று ஒருவர். அங்கே உண்மையைச் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை... அவர்கள் யாரும் இல்லாத இந்த இணையப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். த்தூ... இத்தனை வயசாகியும் அதே கோழைதான்.

நூர்ஜஹானின் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால்... அது உங்கள் அம்மா வரைந்தது. நான் திருடினேன்.

போய் வாருங்கள் மேடம்.