பதிலுக்கு வந்த மீன்

அந்தத் தொட்டி முதலில் ஓட்டுநரின் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். எதையும் ஆசைப்பட்டு வாங்குவார். வாங்கிய பொருள் வீடு வந்து சேர்வதற்குள் அலுத்துப்போய்விடும். உடற்பயிற்சி சைக்கிள், கிட்டார், தேனீப் பெட்டி என்று அவர் வீட்டுக் கார் ஷெட்டில் காரைத் தவிர எல்லாம் நிற்கும். அந்த வரிசையில் வந்ததுதான் இந்தக் கடல்மீன் தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, தங்கை வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரோரம் இறக்கிவைத்தார்.

"மாப்ள, நீங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். 'சும்மா' என்ற சொல்லை மட்டும் எடுக்காதே என்று தங்கை முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அவர் ரயில் ஓட்டுநர். எதையும் நினைத்துக்கொள்வதை விட்டு அவருக்குச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

நடந்தது இதுதான். ஒரு நண்பகலில் பயணிகள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். செங்கல் சூளையைத் தாண்டி ஒரு வளைவு. அது நேரான இடத்தில் தண்டவாளத்தின் நடுவில் ஓர் ஆள், கையில் வெள்ளை வாளியோடு நின்றிருந்தார். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். பிரேக்கை முழுதாகப் போட்டார். ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்கிற வண்டி இல்லை. அது தன் இஷ்டத்துக்குப் போய்த்தான் நிற்கும். அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநரைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு முன்னால் தண்டவாளம் மட்டும் இருந்தது.

அன்று அவர் எல்லாவற்றையும் விதிப்படி செய்தார். தகவல் சொன்னார், வண்டியை வேறு ஓட்டுநரிடம் ஒப்படைத்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர் மேல் தவறு இல்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. விடுப்பு கொடுத்து, வாராவாரம் மனநல டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், தூங்கினார். அழவில்லை, கத்தவில்லை. மனைவி அவர் உடையும் நேரத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த வலிக்கு எந்த மாத்திரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வலிக்கவே இல்லை என்று உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

தொட்டி வந்த மறுநாள், மனைவியின் தொல்லை தாங்காமல் மீன் வாங்கப் புறப்பட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால், டயர் கடைக்கும் மூடிக்கிடந்த போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒடுங்கிய கடை. கடைக்காரரை எல்லோரும் உப்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். எந்தப் பேச்சையும் உப்பில் ஆரம்பித்து உப்பில்தான் முடிப்பார்.

உப்புக்காரர் மீன் தர மறுத்துவிட்டார். முதலில் தண்ணீர் தயாராக வேண்டும். கடல் உப்பைக் கரைத்து, அடியில் மணல் பரப்பி, கல்லை அடுக்கி, பம்பையும் ஹீட்டரையும் ஓடவிட வேண்டும். மீனின் கழிவைத் தின்று செரிக்கிற கிருமிகள் அந்தக் கல்லில் குடியேறி வளர வேண்டும். அதற்குமுன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்துபோகும். வாரம் ஒருமுறை ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஓட்டுநர் அப்படியே செய்தார். இதைச் செய், அதைச் செய்யாதே என்று யாராவது சொன்னால் அவருக்குச் சுலபமாக இருந்தது. மீனே இல்லாத தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். மச்சான் வரும்போதெல்லாம் குனிந்து பார்த்து, "தண்ணி நல்லா வளர்ந்திருக்கு மாப்ள" என்பார். மனைவி அண்ணனை முறைப்பாள்.

கடைசியில் ஒருநாள் உப்புக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மருந்துத் துளி விட்டு நிறம் பார்த்து, தலையசைத்தார். என்ன மீன் வேண்டும் என்று கேட்டார். ஓட்டுநருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைக்கு அருகில் இருந்த தொட்டியில் மின்னல் மாதிரி ஓடிக்கொண்டிருந்த நீல மீனைக் காட்டினார்.

"அது டாம்சல். பாக்கத்தான் அழகு. மொதல்ல அதை விட்டீங்கன்னா தொட்டி முழுக்கத் தன் பேர்ல பட்டா போட்டுக்கும். அப்புறம் எவன் வந்தாலும் அடிதான்."

"அப்ப எதை விடணும்?"

"பயந்த மீனை மொதல்ல விடணும். அது ஒரு பொந்து பாத்து உட்கார்ந்துக்கட்டும். வம்பு பண்றது எதுவா இருந்தாலும் கடைசிலதான்."

பயந்த மீன் என்று அவர் எடுத்துக்கொடுத்ததைக் கடையில் ஃபயர் மீன் என்பார்கள். விரல் நீளம்தான். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்பு நிறம், முதுகில் கொடிபோல ஒரு நீளத் துடுப்பு. நோய் இருக்கிறதா என்று அதைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தாகிவிட்டது, நன்றாகத் தின்கிறது என்று இரை போட்டும் காட்டினார். மிரண்டால் துள்ளி வெளியே விழும், வலை மூடியைத் திறந்து போடாதீர்கள் என்றும் சொன்னார்.

வீட்டில் பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டார், சூடு சமமாகட்டும் என்று. பிறகு மீனை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டியிலிருந்து மெல்லிய குழாயை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தார். கடை உப்பும் வீட்டு உப்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வேலைக்குக் கிளம்பிய மனைவி செருப்பைக் கையில் பிடித்தபடி அவரைத் தாண்டிப் போனாள். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, கடைத் தண்ணீரைக் கொட்டினார். மீன் போன வேகத்தில் ஒரு கல்லுக்கடியில் மறைந்துவிட்டது. அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரே அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்பதிலேயே சண்டை வரும் என்பது உப்புக்காரர் கணக்கு. பெரியதற்குக் கொஞ்சம் திமிர் இருந்தாலும், ஃபயர் மீன் தன் பொந்தைவிட்டு அதிகம் நகராததால் வம்பு எழவில்லை. மூன்றும் அவர் இரை போடும் பக்கத்துக்கு வரப் பழகின. மனைவி அதைப் பார்த்துவிட்டு மச்சானுக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது என்றாளாம். அது தொட்டி விளக்கின் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

பிறகு ஒருநாள் டாக்டரிடம் போய்விட்டு முற்பகலில் வீடு திரும்பினார். அந்த நேரத்தில் கடையில் இருக்க வேண்டிய மனைவி வீட்டில் இருந்தாள். மச்சானும் இருந்தார். அதிசயமாக அவர் தொட்டிப் பக்கமே வராமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். ஹீட்டரின் இடுக்கில் ஃபயர் மீன் ஒண்டிக்கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. பெரிய கோமாளி வந்து முட்டியது. மீன் இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"இது நம்ம மீன் இல்ல," என்றார்.

"அதே மீன்தான் மாப்ள. ஏதோ பயந்திருக்கு."

"நம்ம மீனுக்கு முதுகுத் துடுப்பு நுனியில மடங்கியிருக்கும்."

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாம் வெளியே வந்தது. முதல்நாள் மாலை மச்சான் வந்தபோது மீனுக்கு இரை போட்டுவிட்டு மூடியைச் சரியாக வைக்காமல் போயிருக்கிறார். காலையில் ஓட்டுநர் டாக்டரிடம் கிளம்பிய பிறகு வீடு கூட்டப்போன மனைவி, தொட்டிக்குப் பின்னால் தரையில் மீன் காய்ந்து கிடப்பதைக் கண்டாள். அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வேறொரு கடைக்கு ஓடி இன்னொன்றை வாங்கிவந்தார். இவர் வந்துவிடுவாரோ என்ற அவசரத்தில் சொட்டும் விடவில்லை, ஒன்றும் விடவில்லை. பையை வெட்டி அப்படியே கவிழ்த்துவிட்டார்கள்.

"இன்னொரு சாவை நீங்க பாக்க வேண்டாம்னு நெனச்சேங்க," என்றாள். "அதான் மறைச்சேன்."

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஆளு யாருன்னும் உனக்குத் தெரியும், இல்ல?"

எந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை. அந்த வாரத்துப் பேப்பரையெல்லாம் அவர் கண்ணில் படாமல் எடுத்துப்போட்டவளே அவள்தான். தெரியும் என்றாள்.

"சொல்லு."

சொன்னாள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆள். ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர், சாப்பாட்டுக்குக் குறுக்கு வழியில் போயிருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பெயரையும் சொன்னாள். அவர் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"கையில வெள்ளை வாளி வச்சிருந்தாரு," என்றார். இதுவரை அவளிடம் அவர் சொல்லாதது அது. "ஹாரன் அடிச்சேன். திரும்பிப் பாத்தாரு. ஏன் நகரலன்னு தெரியல."

"அது யாருக்குமே தெரியலங்க."

மச்சான் மெதுவாக எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். இப்போது தனக்குள் ஏதாவது பிடுங்கிக்கொண்டு வரும் என்று ஓட்டுநர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. பெரிய கோமாளி மறுபடியும் வந்து முட்டியது.

"அந்தப் பிஸ்கட் டப்பாவை எடு. பிளாஸ்டிக் டப்பா," என்றார்.

ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, டப்பாவின் நான்கு பக்கமும் ஓட்டை போட்டார். டப்பாவைப் பிடித்துக்கொண்ட மச்சான் விரலைச் சுட்டுக்கொண்டார். அதையும் தண்டனைபோல வாங்கிக்கொண்டார். தொட்டி விளக்கை அணைத்து, புது மீனை அலுங்காமல் எடுத்து டப்பாவுக்குள் விட்டு, டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டார். தண்ணீர் போய்வரும்; அடி விழாது. கோமாளிகள் வெளியிலிருந்து முட்டி முட்டிப் பார்த்தன. பிறகு முட்டுவது குறைந்தது. புது மீன் டப்பாவுக்குள்ளேயே இரை எடுக்க ஆரம்பித்த பிறகு, கல்லை இடம் மாற்றி அடுக்கிவைத்தார். எல்லோருக்கும் இடம் புதிதாகட்டும் என்று. அப்புறம் திறந்துவிட்டார். பெரிய கோமாளி ஒரு சுற்று விரட்டிவிட்டு விட்டுவிட்டது. செத்த மீனை என்ன செய்தாய் என்று மனைவியிடம் கேட்டார். மாடிப் பூந்தொட்டியில் புதைத்ததாகச் சொன்னாள். சரி என்றார்.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. செய்த தப்புக்கு ஈடாக இருக்கட்டும் என்று ஒருநாள் பையில் ஒரு நீல டாம்சலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஓட்டுநர் பையைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதை எங்க விடப் போறீங்க? கேக்காம கொள்ளாம யார் உங்களை வாங்கச் சொன்னா? போய்த் திருப்பிக் குடுங்க மச்சான்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையிடம் ரகசியமாக, "திட்டிட்டாரு" என்றார். பரிசு விழுந்தவர்போல முகம் மலர்ந்திருந்தது. பையைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

ஒரு பிற்பகல் ஓட்டுநர் பாலத்தைத் தாண்டி நடந்து போனார். பெயிண்டர் வீடு இருந்த தெரு எதுவென்று மனைவி சொல்லியிருந்தாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை, துணி காயும் கொடிகள், வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள். எந்த வீடு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கோடி வரை நடந்துவிட்டு, வேறு வழியாகத் திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்றாள் மனைவி. சொன்னார். அவள் காபி போட எழுந்தாள்.

விடுப்பு முடிந்ததும் நீண்ட தூர வண்டி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். ரயில் ஷெட்டில் போட்டார்கள். காலிப் பெட்டிகளைக் கழுவும் இடத்துக்குத் தள்ளுவதும் அங்கிருந்து இழுத்து வருவதும்தான் வேலை. மனிதர் நடக்கும் வேகத்துக்குமேல் போக வேண்டியதில்லை. முன்னால் ஓர் ஆள் பச்சைக் கொடியோடு நடப்பார். பெட்டி இடம் சேர்ந்ததும் ஓரமாக ஒதுங்குவார். அவர் ஒதுங்கும்வரை ஓட்டுநரின் கண் அவர் முதுகிலிருந்து நகராது. ஒவ்வொரு முறையும் வாய் உலர்ந்துபோகும். அந்த நண்பகலுக்குப் பிறகு எதற்கும் அவருக்கு அப்படி ஆனதில்லை.

அடுத்த முறை போனபோது இதை டாக்டரிடம் சொன்னார். அது நல்லதுதான் என்றார் டாக்டர். எது நல்லது என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்டுக்கொள்ளவும் இல்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்.